பிழைக்குள் இருக்கும் இலக்கணம்

ஆசிரியர் பயிற்சி முடித்த புதிதில், நண்பர் ஒருவரின் வீட்டில் ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ என்ற பழைய பிரிட்டன் நகைச்சுவைத் தொடரைப் பார்த்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். பல ஆண்டுகள் கழித்து அதே தொடரை மீண்டும் பார்த்தபோது அப்படிச் சிரிக்க முடியவில்லை. இடையில் என் வகுப்பறையில் நடந்த ஒரு நிகழ்வுதான் காரணம்.

தொடரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். 1977 டிசம்பர் 30 அன்று பிரிட்டனின் ஐ.டி.வி.யில் இது தொடங்கியது. தயாரித்தது லண்டன் வீக்கெண்ட் தொலைக்காட்சி. உருவாக்கியவர் வின்ஸ் பவல். லண்டனில் பெரியவர்களுக்கான ஒரு மாலை நேர ஆங்கில வகுப்புதான் கதைக்களம். பேரி எவன்ஸ் நடித்த ஜெரமி பிரவுன் அங்கே ஆசிரியர். தலைமைப் பொறுப்பில் கண்டிப்பான மிஸ் கோர்ட்னி. வகுப்பில் இத்தாலி, கிரேக்கம், ஸ்பெயின், ஜெர்மனி, பிரான்சு, சீனா, ஜப்பான், இந்தியா, பாகிஸ்தான் எனப் பல நாட்டு மாணவர்கள். அவர்கள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளே நகைச்சுவை. மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பொருள் கொள்வார்கள். ஒன்றுபோல் ஒலிக்கும் சொற்களைக் குழப்பிக்கொள்வார்கள். அரங்கமே சிரிக்கும்.

இனி என் வகுப்பு. ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி ஆங்கிலப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். ‘ஸ்கூல்’ என்ற சொல் வந்ததும் ‘இஸ்கூலு’ என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அவள் உட்கார்ந்தாள். அதன்பிறகு அந்த ஆண்டு முழுவதும் அவள் உரக்கப் படிக்கவே இல்லை. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. கூச்ச சுபாவம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு, ஆசிரியர் ஓய்வறையில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். எங்கள் தமிழம்மா நிமிர்ந்து பார்த்தார். “சார், அந்தப் பிள்ளை இலக்கணப்படிதானே பேசியிருக்கு!” என்றார்.

அவர் விளக்கியபோதுதான் புரிந்தது. தமிழில் மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது. வல்லின மெய் சொல்லின் இறுதியில் நிற்காது. மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகள் என்று நாம் நடத்தும் பாடம்தான் அது. ர, ல போன்ற எழுத்துகளும் முதலில் வராது என்பதால்தான் ‘ராமன்’ இராமன் ஆனான். ‘லோகம்’ உலோகம் ஆனது. அதே பழக்கம்தான் ‘ஸ்கூல்’ என்பதற்கு முன்னால் ஓர் இகரத்தைச் சேர்க்கிறது. ‘புக்’ என்பது ‘புக்கு’ ஆவதற்கும், ‘கேட்’ என்பது ‘கேட்டு’ ஆவதற்கும் காரணம் வல்லின மெய்யில் சொல்லை முடிக்க நம் நாவு விரும்பாததுதான். பேச்சில் அந்த உகரம் ‘ஸ்கூலு’, ‘பஸ்ஸு’ என்று மற்ற மெய்களுக்கும் பரவிவிடுகிறது. ப என்ற ஒரே எழுத்து தமிழில் இரண்டு ஒலிகளுக்கு நிற்பதால், ஆங்கிலத்தின் அந்த இரண்டு ஒலிகளும் குழந்தைக்குக் குழம்புகின்றன. இவற்றில் ஒன்றும் மந்தம் அல்ல. தாய்மொழியை நன்றாகக் கற்ற குழந்தையின் நாவு செய்யும் வேலை.

இந்தக் கண்ணோட்டத்தோடு அந்தத் தொடரை மறுபடி பார்த்தேன். ஜப்பானியரான டாரோ ஆங்கிலச் சொற்களின் இறுதியில் ஓர் ஓகாரத்தைச் சேர்ப்பார். அரங்கம் சிரிக்கும். ஆனால் ஜப்பானிய மொழியில் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில்தான் முடியும். டாரோவும் ‘இஸ்கூலு’ என்ற என் மாணவியும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள்!

பிழையை இப்படிப் பார்ப்பது அன்றைக்கே புதிதல்ல. தொடர் வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1967இல், மொழியியலாளர் பிட் கார்டர் ஒரு கட்டுரையில் மாணவரின் பிழைகளுக்கு முக்கியத்துவம் உண்டு என்று விளக்கினார். மாணவர் எதுவரை கற்றிருக்கிறார், எந்த விதியை மனத்தில் அமைத்துக்கொண்டிருக்கிறார் என்பதைப் பிழையே காட்டும் என்பது அவர் கருத்து. 1972இல் லாரி செலிங்கர், தாய்மொழிக்கும் கற்கும் மொழிக்கும் நடுவே மாணவர் தமக்கென ஓர் ‘இடைமொழி’யை உருவாக்கிக்கொள்கிறார் என்றார்.

தொடருக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். ரசிகர்கள் நிறைய இருந்தும் 1979இல் அது நிறுத்தப்பட்டது. ஒவ்வோர் இனத்தவரையும் ஒரே அச்சில் வார்த்துக் கேலி செய்கிறது என்று அந்த நிறுவனத்தின் மைக்கேல் கிரேட் கருதியதே காரணம். 1986இல் மீண்டும் சில பகுதிகள் வந்தன. சீக்கியர் ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். சீன மாணவியாக நடித்த பிக் சென் லிம் பினாங்கில் பிறந்தவர். நன்றாக ஆங்கிலம் தெரிந்த இவர்கள், தெரியாதவர்களாக நடித்தே பெயர் பெற்றார்கள்.

இந்தியாவில் 1993இல் தூர்தர்ஷனில் வந்த ‘ஜபான் சம்பால்கே’ இதன் இந்தி வடிவம். அங்கே பங்கஜ் கபூர் இந்தி ஆசிரியர். டாம் ஆல்ட்டர் ஏற்ற ஆங்கிலேயர் வேடம், இந்தி கற்கத் தடுமாறும் மாணவர்! எவரையும் அயல்மொழி வகுப்பில் உட்கார வைத்தால் நாவு தடுமாறத்தான் செய்யும்.

ஆயினும் ஜெரமி பிரவுனிடம் கற்க ஒன்று உண்டு. சிரிப்பது அரங்கம்தான். பிரவுன் பொறுமையாகத் திருத்துவார். எத்தனை குழப்பம் வந்தாலும் அடுத்த கேள்வியை அதே மாணவரிடம் கேட்கத் தயங்கமாட்டார். அதனால்தான் அவருடைய மாணவர்கள் பிழையோடு பேசிக்கொண்டே இருக்கிறார்கள். என் வகுப்பில் அரங்கமும் ஆசிரியரும் சேர்ந்து சிரித்தோம்.

இப்போது என் வழக்கம் இதுதான். ஒரு பிழை வந்தால், நிறுத்தாமல் முழு வாக்கியத்தையும் படிக்க விடுகிறேன். பிறகு சரியான வடிவத்தை நானே இயல்பாக ஒருமுறை சொல்கிறேன். பலரிடம் ஒரே பிழை வந்தால் அதைக் கரும்பலகையில் எழுதி, “தமிழில் இது எப்படி வரும்?” என்று வகுப்பைக் கேட்கிறேன். மாணவர்களே காரணத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு நாள் தமிழம்மாவும் என் வகுப்புக்கு வந்து இராமன், உலோகம், இஸ்கூலு மூன்றையும் ஒரே வரிசையில் எழுதிக் காட்டுகிறார்.

‘இஸ்கூலு’ என்று படித்த மாணவி அதற்குள் பெற்றோருடன் வெளியூர் போய்விட்டாள். அவள் பேசியதில் ஓர் இலக்கணம் இருந்தது என்பதை அவளிடம் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. உங்கள் வகுப்பில் அப்படி ஒரு குழந்தை இருந்தால், நாளைக்கே சொல்லிவிடுங்கள்.