டாகுமெண்ட்ஸ் போல்டரை இடம் மாற்றுங்கள்

சென்ற ஆண்டு குற்றால சீசனின்போது ஊருக்கு, அதாவது தென்காசிக்குப் போயிருந்தேன். மாமா புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஐந்தருவியில் எடுத்த போட்டோக்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், மகளின் பாடங்கள் என அனைத்தும் டெஸ்க்டாப்பில் நிறைந்திருந்தன. "கண் முன்னாலயே இருக்கு மருமகனே, பத்திரமாத்தான் இருக்கும்லா?" என்றார். இதே நம்பிக்கையில் ஏமாந்தவன் நான்.

2014ல் பிளஸ் டூ படித்தபோது, தமிழக அரசின் இலவச லேப்டாப் எனக்குக் கிடைத்தது. ஆச்சி கடைசியாகக் குற்றாலம் வந்தபோது எடுத்த போட்டோக்களை அதன் டெஸ்க்டாப்பில் வைத்திருந்தேன். பின்னர் வைரஸ் தொல்லை வந்ததால் ஒரு கடையில் கொடுத்தேன். சி டிரைவை பார்மட் செய்து, விண்டோஸை மீண்டும் பதிந்து தந்தார்கள். டி டிரைவில் இருந்த சினிமா பாடல்கள் அப்படியே இருந்தன. ஆச்சியின் போட்டோக்கள் இல்லை.

காரணம் இதுதான். டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய போல்டர்கள், விண்டோஸ் பதியப்படும்போதே சி டிரைவில், யூசர்ஸ் போல்டரில் உங்கள் பெயரின் கீழ் அமைக்கப்படுகின்றன. சி டிரைவை பார்மட் செய்தால் விண்டோஸுடன் இவையும் அழிந்துவிடும். ஆனால், இந்த போல்டர்களை வேறு டிரைவிற்கு மாற்றும் வசதியை விண்டோஸே தருகிறது.

சாதாரண போல்டரைப் போல இவற்றை கட், பேஸ்ட் செய்திட வேண்டாம். வீடு மாறினால் தபால் நிலையத்திற்குப் புது முகவரி தருகிறோம் அல்லவா? அதுபோல விண்டோஸிடமும் முறையாகத் தெரிவிக்க வேண்டும். விண்டோஸ் 10 மற்றும் 11ல் கீழ்க்கண்டவாறு செயல்படவும்.

1. முதலில் டி டிரைவில் டாகுமெண்ட்ஸ் என்ற பெயரில் புதிய போல்டர் ஒன்றை உருவாக்கவும்.

2. விண்டோஸ் கீயுடன் ஈ கீயை அழுத்தவும். கிடைக்கும் விண்டோவில் டாகுமெண்ட்ஸ் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுக்கவும்.

3. லொகேஷன் என்னும் டேபில் கிளிக் செய்திடவும். இப்போதைய முகவரி அங்கே தெரியும்.

4. மூவ் பட்டனை அழுத்தி, நீங்கள் உருவாக்கிய போல்டரைத் தேர்வு செய்து, அப்ளை கிளிக் செய்திடவும்.

5. பழைய பைல்களையும் மாற்றவா என்று கேட்கப்படும். யெஸ் அழுத்தி, வேலை முடியும் வரை காத்திருக்கவும்.

பிக்சர்ஸ், டெஸ்க்டாப் ஆகியவற்றிற்கும் இதே வழிதான். ஆனால் ஒவ்வொன்றிற்கும் தனித்தனி போல்டர் தேவை. இரண்டிற்கும் ஒரே இடத்தைக் காட்டினால் பைல்கள் கலந்துவிடும்; பிரிப்பது பெரும்பாடு. போல்டர் எதுவும் இல்லாமல் டி டிரைவையே நேரடியாகக் காட்டுவதும் தவறு.

லொகேஷன் டேபில் ஒன்டிரைவ் என்ற பெயர் தெரிந்தால், உங்கள் பைல்கள் மைக்ரோசாப்ட்டின் இணையச் சேமிப்பிற்கும் சென்று கொண்டிருக்கின்றன. அதில் இலவச இடம் 5 ஜிபி மட்டுமே. ஒன்டிரைவ் செட்டிங்ஸில் பேக்கப் பகுதிக்குச் சென்று, அந்த போல்டருக்கான பேக்கப்பை நிறுத்திய பிறகே இடம் மாற்றவும். பைல்கள் ஒன்டிரைவ் போல்டரிலேயே தங்கிவிட்டனவா என்றும் பார்த்துக்கொள்ளவும்.

விண்டோஸை மீண்டும் பதிந்தால், புதிய விண்டோஸுக்கு உங்கள் டி டிரைவ் போல்டர் பற்றித் தெரியாது. பைல்கள் பத்திரமாக இருக்கும். லொகேஷனை மட்டும் மறுபடி அமைத்திட வேண்டும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். பல கம்ப்யூட்டர்களில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரு பகுதிகள்தான். டிஸ்க் பழுதானால் இரண்டும் போகும். இடம் மாற்றுவது பார்மட்டிலிருந்து மட்டுமே காக்கும். அழியக்கூடாதவற்றை வெளியே எடுத்து வைக்கும் ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் கம்ப்யூட்டரில் இந்த வேலைகள் அனைத்தும் அரை மணி நேரத்தில் முடிந்தன. போட்டோக்களின் காப்பி உள்ள பென் டிரைவ், இப்போது வீட்டுப் பத்திரத்துடன் பீரோவில் இருக்கிறது. நீங்களும் இன்றே லொகேஷன் டேபைத் திறந்து பாருங்கள்.