கியரும் மைலேஜும் மாதத் தவணையும்

திருவனந்தபுரத்தில் கார் கடனுக்காக நம் மேசைக்கு வருவோர் பலர், வட்டி விகிதத்தைக் கேட்பதற்கு முன்பே வேறொரு கேள்வியைக் கேட்டுவிடுகின்றனர்: மேனுவல் வாங்குவதா, ஆட்டோமேட்டிக் வாங்குவதா? கேள்விக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் பெட்ரோல் பற்றிய கவலை. அக்கவலை நியாயமானது. 2023 ஏப்ரல் முதல் கேரள அரசு லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் விதித்து வருகிறது. இந்நகரில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 107 ரூபாய் தர வேண்டியிருக்கிறது. நாகர்கோவிலுக்கு உறவினர் வீட்டு விசேஷத்துக்குச் செல்லும் கரமனை, சாலைத் தெரு வாடிக்கையாளர்கள், களியக்காவிளையைத் தாண்டிய பின் டேங்கை நிரப்பிக்கொண்டு திரும்புவதை நாம் அறிவோம். இவ்வளவு கணக்குப் பார்ப்பவர்கள் கியர் விஷயத்திலும் கணக்குப் பார்ப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கைத் தவறான இடத்தில் போடுகிறார்கள் என்பதே நம் எண்ணம்.

‘ஆட்டோமேட்டிக் பெட்ரோல் குடிக்கும்’ என்பது நம் வீடுகளில் நெடுங்காலமாக நிலைத்துவிட்ட நம்பிக்கை. அது பொய்யன்று; பழையது. 1940ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமேட்டிக் என்ற தானியங்கி கியர் வந்தபோது, எஞ்சினின் சுழற்சி எண்ணெய் வழியாகவே கியருக்குச் சென்றது. பின்னர் வந்த டார்க் கன்வெர்ட்டர் வகையிலும் எண்ணெய்தான் இடைத்தரகர். இடைத்தரகர் இருந்தால் கழிவும் இருக்கும்; எண்ணெயில் வழுக்கிய விசை வெப்பமாக வீணானது. கியர்களும் மூன்று, நான்குக்கு மேல் இல்லை. பின்னாளில் எஞ்சினையும் கியரையும் நேரடியாகப் பூட்டும் அமைப்பு அதனுள் சேர்ந்தது. கியர்களின் எண்ணிக்கையும் கூடியது. நம்பிக்கை மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

மாற்றத்தின் அளவை ஒரே காரில் காணலாம். 2018இல் வந்த மாருதி எர்டிகா பெட்ரோலில், நிறுவனம் அறிவித்த மைலேஜ் மேனுவலுக்கு 19.34, நான்கு கியர் ஆட்டோமேட்டிக்குக்கு 18.69. 2022இல் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் வந்தபோது, மேனுவல் 20.51, ஆட்டோமேட்டிக் 20.30. இடைவெளி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 2020இல் வந்த ஹோண்டா சிட்டியிலோ நிலைமை தலைகீழ்: மேனுவல் 17.8, ஆட்டோமேட்டிக் 18.4. அது சி.வி.டி. என்னும் வகை. அதில் படிப்படியான கியர்கள் கிடையாது. இரு கப்பிகளுக்கு இடையே ஒரு பட்டை ஓடும். கப்பிகளின் அகலம் மாற மாற, எஞ்சின் தனக்குச் சிக்கனமான வேகத்திலேயே சுழலும்.

நம் கிளைக்கு வரும் விண்ணப்பங்களில் மிகுதியாகக் காண்பது மூன்றாவது வகையான ஏ.எம்.டி. இந்தியாவில் இதை மக்களிடம் கொண்டுசேர்த்தது 2014 பிப்ரவரியில் வந்த மாருதி செலேரியோ. பெயர் தானியங்கி என்றாலும், உள்ளே இருப்பது நாம் அறிந்த அதே மேனுவல் கியர்பெட்டி, அதே கிளட்ச் தகடு. கிளட்சை அழுத்தும் காலுக்கும் கியரைத் தள்ளும் கைக்கும் பதிலாக ஒரு சிறு கணினியும் அதன் கட்டளைக்கு இயங்கும் கருவியும் இருக்கின்றன, அவ்வளவே. ஆகவே செலேரியோவில் இரண்டுக்கும் 23.1 என்ற ஒரே எண்ணை நிறுவனத்தால் அறிவிக்க முடிந்தது. ஆனால் இதைப் பொதுவிதியாகக் கொள்ளலாகாது. 2015இல் வந்த ஜென்எக்ஸ் நானோவில் மேனுவலுக்கு 23.6, ஏ.எம்.டி.க்கு 21.9. எந்த வேகத்தில் கியர் மாற வேண்டும் என்று கணினிக்குக் கற்பித்தவர் யார் என்பதைப் பொறுத்தது அது. (நான்காவதாக இரட்டைக் கிளட்ச் வகை ஒன்று உண்டு. அது பெரும்பாலும் விலை உயர்ந்த கார்களில் வருவது. மைலேஜ் கேட்டு வருவோர் அதைக் கேட்பதில்லை.)

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. சாலையில் ஓட்டிப் பார்த்து எடுத்தவை அல்ல. ஆய்வுக்கூடத்தில், உருளைகளின் மேல் சக்கரங்களைச் சுழலவிட்டு, இந்திய ஓட்டச் சுழற்சி என்ற நிர்ணயித்த கால அட்டவணைப்படி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் அளந்தவை. உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். ஏசி ஓடாது, ஏற்றம் கிடையாது, பின்னிருக்கையில் மாமியார் கிடையாது. நம் வாடிக்கையாளர்கள் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. மேனுவல் காரைச் சோதிக்கும்போது, எந்த வேகத்தில் எந்தக் கியர் என்பதும் அட்டவணையிலேயே எழுதப்பட்டிருக்கும். எனவே விளம்பரத்தில் உள்ள மேனுவல் மைலேஜ், ஒருநாளும் சோம்பாத, இரண்டாம் கியரிலேயே இழுத்துச் செல்லாத ஓர் ஓட்டுநருடைய மைலேஜ். நாம் அந்த ஓட்டுநர் அல்லர். ஆட்டோமேட்டிக்கிலோ அந்த ஒழுங்கு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. யார் ஓட்டினாலும் கணினி உரிய நேரத்தில் மேல் கியருக்குப் போய்விடும். நெரிசலில் மேனுவலின் சாதகம் பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிடுவதன் காரணம் இதுதான்.

அதிலும் திருவனந்தபுரம் மேடுபள்ளங்களின் நகரம். பிளாமூட்டிலிருந்து பி.எம்.ஜி. சந்திப்புக்கு ஏறும் சரிவில், காலை ஒன்பதரை மணிக்கு, முன்னால் ஒரு பேருந்தும் பின்னால் ஓர் ஆட்டோவும் நிற்க, கிளட்சைப் பாதி அழுத்தி வண்டியைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு அந்தப் பெட்ரோல் எங்கே போகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. கிளட்ச் தகட்டின் ஆயுளும் அதோடு போகிறது. ஏ.எம்.டி. வைத்திருப்போர் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்கின்றனர். பொருந்தும். ஏற்றத்தில் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரால் வண்டியை நிறுத்தி வைத்தால், அங்கும் தேய்வது அதே கிளட்ச் தகடுதான்.

இறக்கத்திலும் ஒரு பழக்கம் உண்டு. பொன்முடிக்குக் குடும்பத்தோடு சென்று, 22 கொண்டை ஊசி வளைவுகளையும் நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்கி, பெட்ரோல் மிச்சம் என்று மகிழ்வோரைச் சந்தித்திருக்கிறோம். இன்றைய எஞ்சின்களில், வண்டி கியரில் இருக்க, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சரிவில் எரிபொருள் செல்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாதிருக்கப் பெட்ரோல் செலவாகிறது. பிரேக் சூடேறுவது அதற்கு மேல் ஆபத்து. இப்பழக்கம் பெரும்பாலும் மேனுவல்காரர்களுடையது.

இனி நம் துறைக்கு வருவோம். கரமனையிலிருந்து டெக்னோபார்க்குக்கு வேலைக்குச் சென்று வருபவர், இடையிடையே நாகர்கோவில் பயணமும் சேர்த்து, ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று கொள்வோம். அவருக்கு நடைமுறையில் மேனுவல் 18, ஆட்டோமேட்டிக் 17 தருகிறது என்றால், ஆண்டுப் பெட்ரோல் செலவு 71,333 ரூபாய்க்குப் பதிலாக 75,529 ரூபாய். வேறுபாடு ஏறத்தாழ 4,200. மாதம் 350 ரூபாய். ஆட்டோமேட்டிக்குக்கான கூடுதல் விலை, ஏ.எம்.டி.யில் பொதுவாக 50,000 ரூபாய் அளவில் இருக்கிறது. அதைக் கடனில் சேர்த்தால், 9 சதவிகித வட்டியில் ஐந்தாண்டுக்கு மாதம் 1,038 ரூபாய். சி.வி.டி., டார்க் கன்வெர்ட்டர் வகைகளில் வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டுவது வழக்கம். 1,20,000 என்றால் மாதம் 2,491. கேரளத்தில் வாகன வரி, விலையின் சதவிகிதமாகக் கணக்கிடப்படுவதால் அதுவும் சேர்ந்து ஏறும்.

வாதத்துக்காக, ஆட்டோமேட்டிக் ஒரு கிலோமீட்டர் கூடுதலாகவே, 19 தருகிறது என்று வைத்துக்கொண்டாலும் மிச்சம் மாதம் 313 ரூபாய்தான். 1,038 ரூபாய்த் தவணையை அது ஈடுசெய்யாது. ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓடும் விற்பனைப் பிரதிநிதிக்கு ஒரு கிலோமீட்டர் வேறுபாடு 10,500 ரூபாயாகும். அவர் மைலேஜை எண்ணிப் பார்க்கட்டும். சாதாரணக் குடும்பத்துக்குச் செலவைக் குறைப்பதே நோக்கமென்றால் மேனுவலே போதும். அதற்குக் காரணம் மைலேஜ் அன்று, விலை. இடது முழங்கால் வலிக்கிறது, ஓய்வுபெற்ற பின்னும் தாமே ஓட்ட வேண்டும், வீட்டில் எல்லோரும் ஓட்ட வேண்டும் என்றால் ஆட்டோமேட்டிக் வாங்கலாம். அது வசதிக்குக் கொடுக்கும் விலை. பெட்ரோல் மிச்சமாகும் என்ற சமாதானம் அதற்குத் தேவையில்லை.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. ஆட்டோமேட்டிக்கின் கூடுதல் விலையால் தவணை ஏறுவதைக் கண்டு, ‘ஐந்தாண்டை ஏழாண்டாக்கிக் கொடுங்கள்’ என்று கேட்போர் உண்டு. 8 லட்ச ரூபாய்க் கடனுக்கு 9 சதவிகிதத்தில் ஐந்தாண்டுத் தவணை 16,607; ஏழாண்டுத் தவணை 12,871. கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் மொத்த வட்டி 1,96,400 ரூபாயிலிருந்து 2,81,200 ரூபாயாகிறது. கூடுதலாகச் செல்லும் 84,800 ரூபாய், மேற்சொன்ன கரமனைக்காரரின் இருபது ஆண்டு மைலேஜ் வேறுபாட்டுக்குச் சமம். வட்டி வாங்குகிற நாமே இதைச் சொல்லலாமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். தவணை தவறிய கணக்குகளைப் பின்தொடர்வதும் நாம்தான். முன்பணத்தைக் கூட்ட முடியாவிட்டால், ஒரு படி குறைந்த மாடலை எடுத்து ஐந்தாண்டிலேயே முடிப்பது மேல்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், ஷோரூம் வாசலில் இருக்கும் சமதளத்தில் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். வீட்டார் நால்வரும் அமர, ஏசியை ஓடவிட்டு, பிளாமூடு ஏற்றத்துக்குக் கொண்டுசெல்லச் சொல்லுங்கள். ஏ.எம்.டி. என்றால் கியர் மாறும்போது தலை முன்னே அசைகிறதா என்று பாருங்கள்; கையால் கியர் மாற்றும் நிலையிலும் ஓட்டிப் பாருங்கள். பின்னால் வண்டி வராத நேரமாகச் சரிவில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். இரண்டு நொடி வண்டி அசையாமல் நின்றால், ஏற்றத்தில் தாங்கும் வசதி அந்த மாடலில் இருக்கிறது. பின்னே உருண்டால் இல்லை. அப்போது ஹேண்ட் பிரேக் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.