புது பிளக், பழைய உப்பு

ஏர்வாடி தர்காவைச் சுற்றி வெளியூர் கார்களுக்கு எந்த மாதமும் பஞ்சமில்லை. சந்தனக்கூடு நெருங்கிவிட்டால் வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும். கேரளப் பதிவெண் வண்டிகளும் மதுரை, நெல்லை வண்டிகளும் நாள்கணக்கில் கடற்காற்றைக் குடித்தபடி நிற்கும். நேர்ச்சையை முடித்து ஊர் திரும்பும் முன் சிலர் வழியிலுள்ள ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடுவதுண்டு. ஆயில், ஃபில்டர், கையோடு ஸ்பார்க் பிளக். பெரிய வேலை ஒன்றுமில்லை. ஆனால் வண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரையைத் தாண்டுவதற்குள் குலுங்கத் தொடங்கிவிடும்.

"பாய், நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டி. பிளக் மாத்துனதுலேர்ந்து மிஸ் அடிக்குது."

"பிளக்கு டூப்ளிகேட்டா இருக்கும்ணே. வேற செட் போட்டுப் பாப்போம்."

இந்த உரையாடல் தமிழ்நாட்டில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கேட்கக்கூடியதுதான். சந்தையில் போலி பிளக் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் பழி முதலில் பிளக்கின் மேல் விழுவது சரியல்ல. பிளக்கை எட்டுவதற்காகக் கை எதையெல்லாம் தொட்டது, எதைக் கழற்றியது, எதை இழுத்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதிலும் கடற்கரையில் நின்ற வண்டி என்றால், அந்தக் கை தொட்ட ஒவ்வோர் இடத்திலும் உப்பு ஏற்கெனவே தன் வேலையைப் பாதி முடித்து வைத்திருக்கும்.

டீசல் வண்டிக்காரர்கள் இந்தக் கட்டுரையைத் தாண்டிப் போகலாம். அங்கே காற்றை அமுக்கும்போது பிறக்கும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. பெட்ரோலுக்குத்தான் பொறி வேண்டும்.

அந்தப் பொறி பிறக்கும் விதம் அழகானது. பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். அதைப் பல மடங்கு உயர்த்துவது காயில். அதற்குள் இரண்டு கம்பிச்சுற்றுகள். இரண்டாவதில் முதலாவதைப்போல நூறு மடங்கு அளவுக்குச் சுற்றுகள். முதல் சுற்றில் ஓடும் மின்னோட்டத்தைப் பட்டென்று வெட்டினால், அங்கே இருந்த காந்தப்புலம் சரிகிறது. சரியும் வேகத்தில் இரண்டாவது சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்புகிறது. ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்தின் காட்லோப் ஹோனால்டு 1902-இல் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கிய நாளிலிருந்து அடிப்படை மாறவில்லை. அந்த நிறுவனம்தான் 1951-இல் பெங்களூரில் மைக்கோவைத் தொடங்கியது. மைக்கோ பிளக் என்ற பெயரை நம் ஊர் பழைய மெக்கானிக்குகள் இன்னும் மறக்கவில்லை.

எத்தனை ஆயிரம் வோல்ட் என்பதைக் காயில் முடிவு செய்வதில்லை. மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். எங்கே முதலில் தாண்ட முடிகிறதோ அங்கே தாண்டிவிடும். அது பிளக்கின் முனையிலுள்ள இடைவெளியாக இருந்தால் பெட்ரோல் எரியும். வேறு இடமாக இருந்தால் எரியாது. மிஸ் அடிப்பதில் பெரும்பகுதி இந்த ஒரே வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது.

திறந்த வெளியில் 1 மில்லிமீட்டர் காற்றைத் தாண்ட மூவாயிரம், நாலாயிரம் வோல்ட் போதும். வெளியே கழற்றிப் பிடித்துப் பார்த்தால் எந்த பிளக்கும் அழகாகப் பொறி தட்டுவது அதனால்தான். அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். சிலிண்டருக்குள் காற்று பல மடங்கு அமுக்கப்பட்டிருக்கிறது. அழுத்தம் ஏற ஏற, அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும் என்று ஃப்ரீட்ரிக் பாஷன் 1889-இலேயே அளந்து காட்டிவிட்டார். அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் தொகைதான் கணக்கு. ஆகவே ஓடும் எஞ்சினில் 10,000 வோல்ட்டும் ஆகும், சுமை கூடினால் 20,000-க்கு மேலும் ஆகும்.

ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு இந்த விதி பாம்பனில் தெரியவரும். மண்டபம் வரை சமதரை. ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டபடி ஓட்டினால் சிலிண்டருக்குள் நுழையும் காற்று குறைவு, அழுத்தமும் குறைவு, குறையுள்ள பிளக்கும் சமாளித்துவிடும். 1988-இல் திறந்த சாலைப் பாலத்தின் ஏற்றத்தில் டாப் கியரிலேயே காலை அழுத்தும்போது காற்று நிறைய நுழைகிறது, அழுத்தம் ஏறுகிறது, தேவைப்படும் வோல்ட்டும் ஏறுகிறது. அப்போது மின்சாரம் முனையை விட்டுவிட்டு வேறு வழி தேடும். "லெவல்ல நல்லா போகுது, ஏத்தத்துல இழுக்கல" என்கிற புகாருக்கு இயற்பியல் விளக்கம் இதுதான்.

அந்த வேறு வழியை அமைத்துக் கொடுப்பதில் இந்தக் கரையின் காற்றுக்கு நிகரில்லை. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகங்களைக் கடற்காற்றில் துருப்பிடிக்க விட்டுப் பார்ப்பதற்கென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிடமிருந்து காப்பாற்றும் வேலை கடைசிவரை ஓயவில்லை. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தது. இரும்புப் பாலத்துக்கே இந்தக் கதி என்றால் பானெட்டுக்குள் பிளக்கின் தலையை மூடியிருக்கும் ஒரு ரப்பர் பூட் எம்மாத்திரம்.

வீட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை. மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரமே போதும். ஏர்வாடியிலும் வாலிநோக்கத்திலும் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே வண்டியின் மேல் படிந்த உப்புப் படலம் கண்ணுக்குக் காய்ந்ததுபோல இருந்தாலும் பெரும்பாலான நேரம் ஈரமாகத்தான் இருக்கிறது. ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பத்துப் பீங்கானில் தட்டுத் தட்டாக மடிப்பு இருப்பது, மேற்பரப்பு வழியே மின்சாரம் கசிய வேண்டிய தூரத்தை நீட்டுவதற்காக. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் கழுத்திலுள்ள வரிகளுக்கும் அதே வேலைதான். பெரிய பீங்கானிலேயே உப்பு படிந்தால் பொறி தாவும். இங்கே இருப்பதோ இரண்டு விரற்கடை நீளம்.

புது பிளக்கின் பீங்கானை வெறுங்கையால் பிடித்துப் பொருத்தினால் வியர்வையும் உப்பும் கிரீஸும் சேர்ந்து அங்கே ஒட்டிக்கொள்கின்றன. பாக்ஸ் ஸ்பேனரைச் சற்றே சாய்த்துத் திருகினால் பீங்கானில் மயிரிழை விரிசல் விழும். இரண்டில் எது நடந்தாலும் ஒரு வாரம் கழித்துக் கழற்றிப் பாருங்கள்: பீங்கானின் மேலிருந்து கீழே உலோகம் வரை பென்சிலால் கிழித்ததுபோல ஒரு கறுப்புக் கோடு. மின்சாரம் வெளிவழியே ஓடிய தடம். ஒரு முறை கரித்தடம் விழுந்துவிட்டால் அது கடத்தி. துடைத்தாலும் முழுதாகப் போகாது. அதற்கு எதிரே, அதே உயரத்தில், ரப்பர் பூட்டின் உள்சுவரிலும் ஜோடிக் கோடு இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றிப் பூட்டை விட்டுவிட்டால் புது பிளக்கிலும் அதே இடத்தில் கோடு விழும்.

இதே பீங்கானில், உலோகத்தை ஒட்டி, தேநீர்க் கறைபோல ஒரு பழுப்பு வளையமும் தெரியலாம். எரிந்த வாயு கசிகிறது என்று சொல்லி பிளக்கைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. கசிவு இல்லை. உயர் மின்னழுத்தப் புலம் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்களை ஈர்த்துப் படியவைத்த கறை அது. கெடுதல் ஒன்றும் செய்யாது. கோடு கெட்டது, வளையம் நல்லது என்று வைத்துக்கொள்ளலாம்.

ரப்பர் பூட்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். என் கணக்கில் முதல் சந்தேகம் அதன் மேல்தான். இப்போதைய கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில் உட்கார்ந்திருக்கிறது. அதன் நீளமான ரப்பர் பூட் பல ஆண்டுகள் எஞ்சின் சூட்டில் வெந்து, பீங்கானோடு ஒட்டிப்போயிருக்கும். ஒட்டியிருந்தவரை குறையில்லாமல் ஓடியது. நேரே இழுக்கும்போது அடி கிழிகிறது, அல்லது உள்ளே நெகிழ்கிறது. இடவலமாக லேசாகத் திருகி ஒட்டலை விடுவித்த பிறகு இழுத்தால் தப்பும். டாப்பட் கவர் கேஸ்கட் கசிந்து பிளக் குழியில் ஆயில் நின்றிருந்தால் ரப்பர் ஊறி உப்பியிருக்கும். அதைத் திரும்பப் பொருத்துவது வீண். எஞ்சினைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு உடனே பிளக் மாற்றுவதும் அப்படியே. உப்பைக் கழுவ வேண்டியதுதான். ஆனால் அந்தக் குழிகள் காய்ந்த பிறகே காயிலைத் திரும்ப வைக்க வேண்டும்.

காயிலின் மேலுள்ள ஒயர் சாக்கெட் 'டிக்' என்று பூட்டிக்கொண்டதா? அந்தப் பிளாஸ்டிக் நாக்கு சூட்டில் மொறுமொறுத்துப் போயிருக்கும். கழற்றும்போது உடைந்திருந்தால் சாக்கெட் உட்கார்ந்ததுபோலத் தெரியும், மேடுபள்ளத்தில் விட்டுவிட்டுத் தொடும். உள்ளேயுள்ள பின்களில் பச்சை படர்ந்திருந்தால் உப்பு அங்கேயும் வந்துவிட்டது என்று பொருள்.

இவ்வளவையும் எஞ்சின் கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது சுவையான சங்கதி. பொறியைப் பார்க்கும் கண் ஏதும் அதற்குப் பெரும்பாலும் கிடையாது. கிராங்க் தண்டோடு சுழலும் பல்சக்கரத்தை ஒரு சென்சார் கவனிக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது தண்டு ஒரு துளி வேகமெடுக்கும். எரியாதபோது துளி தயங்கும். எந்தத் தருணத்தில் தயங்கியது என்பதை வைத்து எந்த சிலிண்டர் என்று சொல்லிவிடுகிறது. ஐட்லிங்கில், நிமிடத்துக்கு 900 சுற்றில், நாலு சிலிண்டர் எஞ்சினில் வினாடிக்கு 30 எரிப்பு. அந்த வேகத்தில் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருக்கிறது. ஆல்ட்டோ, க்விட், டியாகோ போன்ற மூன்று சிலிண்டர் கார்களில் ஒன்று நின்றால் மூன்றில் ஒரு பங்கு பலம் போயிற்று. ஸ்டீயரிங்கைப் பிடித்த கைக்கே அது தெரியும்.

ஸ்கேனரில் பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. காசு செலவில்லாத ஒரு சோதனை உண்டு: முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதுக்கும் இரண்டாவதை முதலுக்கும் மாற்றிப் போடுங்கள். ஸ்கேனரில் வரும் எண் பி0302 ஆனால் காயிலோ அதன் பூட்டோ குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கைப் பாருங்கள். மூன்று காயிலையும் சேர்த்து மாற்றச் சொல்பவரிடம் இதைச் செய்து காட்டச் சொல்வதில் தப்பில்லை. செக் எஞ்சின் லைட் விட்டுவிட்டு மினுங்கினால் மட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டே ராமநாதபுரம் போகலாம் என்று நினைக்க வேண்டாம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். உள்ளிருக்கும் பீங்கான் கூடு உருகிவிட்டால் பிளக் செலவைப்போலப் பல மடங்கு செலவு.

பிளக்கை எட்டுவதற்காக ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றியிருந்தால் அங்குள்ள சிறு வேக்குவம் குழாய் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கலாம். பழைய மாருதி 800-இல் பிளக் ஒயர்கள் இடம் மாறியிருக்கலாம். பார்த்தால் தெரிந்துவிடும், சரிசெய்ய ஒரு நிமிடம்.

பிளக் நல்லதாகவே இருந்தும் அந்த எஞ்சினுக்குப் பொருந்தாமல் போவது வேறு விஷயம். பிளக்கின் மூக்கு சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850-ஐத் தாண்டிச் சென்றால் பொறிக்கு முன்பே அதுவே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். இந்த இடைவெளிக்குள் நிற்கும்படிதான் சூட்டு எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடக்கூடக் குளிர்ந்த பிளக். பாஷில் எண் கூடக்கூடச் சூடான பிளக். தலைகீழ். "அஞ்சாம் நம்பருக்குப் பதிலா ஆறு போட்டேன்" என்பது கம்பெனியைச் சொல்லாவிட்டால் அர்த்தமில்லாத பேச்சு. கீழே விழுந்த பிளக்கையும் போடக் கூடாது. இடைவெளி குறுகியிருக்கலாம், உள்ளே பீங்கானும் விரிசல் விட்டிருக்கலாம்.

இனி மரை. பிளக்கின் உடல் எஃகு, ஹெட் அலுமினியம். நடுவே உப்பீரம் புகுந்தால் அது மின்கலம். அரிபடுவது அலுமினியம். பல ஆண்டு கழற்றாத பிளக்கைச் சூடான எஞ்சினிலிருந்து வம்படியாகத் திருகினால் மரையும் சேர்ந்து வரும். அமெரிக்காவில் 2000-களில் ஃபோர்டு பிக்கப் வண்டிகளின் 5.4 லிட்டர் எஞ்சினில் பிளக்கின் நீண்ட கீழ்ப்பகுதி கரியில் இறுகி, கழற்றும்போது முறிந்து உள்ளேயே தங்கியது. அதைக் கழற்றுவதற்கென்றே நிறுவனம் தனிச் செயல்முறை வெளியிட வேண்டியதாயிற்று. எஞ்சின் ஆறட்டும். கழற்றுமுன் குழியிலுள்ள மணலைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். ஆடிக்காற்றில் இந்தப் பக்கம் மணல் புகாத இடமில்லை, பிளக் வெளியே வந்ததும் அது நேரே சிலிண்டருக்குள் விழும். புது பிளக்கை விரலால் நாலைந்து சுற்று ஓட்டிய பிறகே ஸ்பேனர். 14 மில்லிமீட்டர் மரைக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், கையிறுக்கத்துக்குப் பிறகு புது வாஷருக்கு அரைச் சுற்று. தளர்வாக விட்டாலும் ஆபத்துதான், ஏனென்றால் பிளக்கின் சூடு அந்த மரை வழியேதான் ஹெட்டுக்கு இறங்குகிறது. முலாம் பூசிய பிளக்குக்கு கிரீஸ் தடவச் சொல்வார்கள். வழுக்கல் கூடி, அதே விசையில் அதிகமாக இறுகிவிடும் என்பதால் தயாரிப்பாளர்களே வேண்டாம் என்கிறார்கள்.

மரை போயே போய்விட்டால் ஹெட்டை மாற்ற வேண்டும் என்று முதலில் பயமுறுத்துவார்கள். அவசியமில்லை. ஓட்டையைப் பெரிதாக வெட்டி எஃகுச் சுருள் மரை செருகலாம், ஹெலிகாயில் என்று கேட்டால் புரியும். சீவல் உள்ளே விழாதபடி மரை வெட்டும் டேப்பின் பள்ளங்களில் கெட்டி கிரீஸ் அப்பி, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் துடைத்து வெட்டுகிறவர் என்றால் ஹெட்டைக் கழற்றாமலே முடித்துவிடுவார்.