விட்டு விட்டு ஓடும் மோட்டார் சைக்கிள்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. விடியுமுன்னே எழுவான்கரையில் மீன் வாங்கி, ஐஸ்கட்டியோடு பெட்டியில் அடுக்கி, மோட்டார் சைக்கிளின் பின்னே கட்டிக்கொண்டு கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஊர்களுக்குச் செல்லும் வியாபாரிகள் பலர். 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு 'பாதை'யிலேதான் அவர்கள் வாவியைக் கடந்தனர். இன்று பாலமுண்டு. ஆனால் அவர்களுட் பலருடைய வண்டியோ முப்பது ஆண்டுகளைக் கண்ட பழைய ஹொண்டா. அது நடுவழியில் விக்கி விக்கி நின்றுவிட்டால், ஐஸ் உருகும், மீன் கெடும், அன்றைய முதலும் போய்விடும்.

கராஜ்களில் 'மிஸ்ஸிங்' என்று கூறும் இக்கோளாறு யாது? நாலடி எஞ்சினிலே சுழல்தண்டு இருமுறை சுற்றும்போது ஒருமுறை எரிதல் நிகழ்கின்றது. நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று என்றால், ஒவ்வொரு சிலிண்டரிலும் செக்கனுக்கு இருபத்தைந்து முறை பெற்றோற் கலவை தீப்பற்ற வேண்டும். அவற்றுட் சில தவறினால், வண்டி உதறுகின்றது. எரியாத கலவை சைலன்சருக்குள்ளே சென்று 'படார்' என்று வெடிக்கின்றது. தவறுவதற்குரிய காரணங்கள் மூன்றேதான்: தக்க வேளையிலே போதிய பொறி இல்லை, அல்லது காற்றும் பெற்றோலும் அளவாகக் கலக்கவில்லை, அல்லது சிலிண்டரில் அமுக்கம் இல்லை.

எனினும் பலர் செய்வது என்ன? முதல்நாள் பிளக்கை மாற்றுவர், மறுநாள் கொயில், அடுத்த கிழமை காபரேற்றர். பணம் கரையும், கோளாறு அப்படியே இருக்கும். நோயாளியிடம் 'எப்போது நோகின்றது?' என்று கேளாத வைத்தியரைப் போன்றது இது. வண்டியிடமும் அக்கேள்வியையே முதலிற் கேட்டல் வேண்டும்.

மேற்கூறிய வியாபாரியின் வண்டி விடியற்காலையில் மட்டும் விக்குகின்றது என்று கொள்வோம். ஏழெட்டு மைல் ஓடியபின் செம்மையாகிவிடுகின்றது. பத்து மணிக்கு அதைக் கராஜுக்குக் கொண்டுசென்றால், அங்கே ஒரு குறையும் காணப்படாது. காரணம், வாவிக்கரைக் காற்றிலுள்ள உப்பே. அது பிளக்கின் வெண்பீங்கான் மீதும், மூடியின் உள்ளேயும், வயரின் மீதும் மெல்லியதொரு படலமாகப் படிகின்றது. உப்பு ஈரத்தை இழுக்கும். இரவுப் பனியில் அது நனைந்ததும் மின்சாரம் கடத்தும். பத்தாயிரம் வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தம், பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பாய்வதை விட்டு, அப்படலத்தின் வழியே எஞ்சின் உடலுக்கு நழுவிவிடுகின்றது. எஞ்சின் சூடேறியதும் ஈரம் உலர்கின்றது, கோளாறும் ஒளிந்துகொள்கின்றது.

இதனைக் கையோடு பிடிக்க இருட்டே துணை. இரவிலே வண்டியை இயக்கி, வயரின் மீது சிறிது நீர்த்துளி தெளித்துப் பார்த்தால், கசியும் இடத்திலே நீலநிறப் பொறிகள் மினுங்கும். கை வைத்துப் பார்த்தலாகாது. பெற்றோல் ஒழுகும் வண்டியில் இச்சோதனையே கூடாது. பிளக் மூடியைத் திருகிக் கழற்றினால், வயரின் நுனி பச்சை பூத்துக் கிடப்பதைப் பலமுறை காணலாம். அரை அங்குலம் வெட்டிவிட்டு மீண்டும் திருகினால் போதும். செலவு ஏதுமில்லை. அடிச்சட்டத்தோடு இணைக்கும் 'ஏர்த்' ஆணியும் துருப்பிடித்திருக்கக்கூடும். அதையும் சுரண்டிச் சுத்தஞ்செய்தல் நன்று.

சி.டி. 125 போன்ற இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் எது பழுது என்பதை அறிவது இன்னும் எளிது. குளிர்ந்த எஞ்சினை இயக்கி அரை நிமிடம் கழித்து, இரு புகைக்குழாய்களின் மேற்புறத்திலும் சிறிது நீர் விடுக. ஒன்றிலே நீர் சீறி ஆவியாகும், மற்றதில் வழிந்தோடும். வழிந்தோடுவதே வேலைசெய்யாத பக்கம். பின்பு எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, இரு பிளக்குகளையும் இடம் மாற்றுக. கோளாறும் இடம் மாறினால் குற்றவாளி பிளக். மாறாவிட்டால் பிளக் நிரபராதி.

பிளக்கின் நுனி நிறமும் பேசும். கோப்பி நிறமாயின் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகுதி, அல்லது காற்றுவடி அடைத்துள்ளது; எண்ணெய்ப்பசை படிந்திருந்தால் றிங் அல்லது வால்வு வழியே எண்ணெய் ஏறுகின்றது; வெளிறியிருந்தால் பெற்றோல் போதவில்லை. இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். பழைய பொயின்ற் முறை வண்டிகளில், பொயின்றின் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். பொயின்றின் முகம் குழிவிழுந்து, அங்கே பெரும் பொறி பறந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். மாறாக, குளிரில் நன்றாக ஓடி, சூடேறியபின் விக்கி, ஆறியதும் மீண்டும் ஓடினால் கொயிலே பெரும்பாலும் காரணம்.

மட்டக்களப்பிலே ஏறுவதற்கு மலையில்லை. ஆயினும் இரண்டு நெல்மூட்டையோடு மணற்பாதையில் இழுக்கும்போது அமுக்கம் கூடுகின்றது. மெலிந்த பொறி அப்போதே தோற்கும்.

மின்கோளாறு திடீரென வெட்டும். பெற்றோற் கோளாறு மெல்ல மெல்லத் தளர்த்தும். இது பொது அடையாளம். சோக்கைச் சிறிது இழுத்தவுடன் ஓட்டம் சீராகின்றதா? ஜெற் அடைத்திருக்கும், அல்லது எங்கோ வெளிக்காற்று புகுகின்றது. சில மைல் ஓடி நின்றபின், தாங்கியின் மூடியைத் திறந்ததும் மீண்டும் ஓடுகின்றதா? மூடியிலுள்ள சிறு காற்றுத்துளையை ஓர் ஊசியால் குத்தினால் முடிந்தது கதை. மார்கழி மழைக்குப் பின்னரோவெனில், காபரேற்றரின் அடிக்கிண்ணத்தை ஒரு கண்ணாடிக் குவளையில் வடித்துப் பார்த்தல் வேண்டும். நீர் கலந்திருந்தால் அடியிலே முத்துமுத்தாய்த் தங்கும். 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டின்போது, பெற்றோலைக் கலன்களில் மாதக்கணக்காய்ச் சேமித்தவர்கள் வேறொரு பாடம் கற்றனர். பெற்றோலின் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, எஞ்சியது பிசினாகி ஜெற்றை அடைத்தது.

இவையனைத்தும் பார்த்தபின்னரே வால்வு இடைவெளியையும் அமுக்கத்தையும் அளக்க வேண்டும். சிறிய ஹொண்டாக்கள் பலவற்றில் அவ்விடைவெளி குளிர்ந்த நிலையில் 0.05 மில்லிமீற்றரே. வால்வு முற்றாக மூடாதிருந்தால் உதைத்து இயக்கும்போதே கால் அதை உணரும். உதைமிதி எதிர்ப்பின்றி இறங்கிவிடும். அங்கே மட்டுமே எஞ்சினைத் திறக்கும் செலவு தொடங்குகின்றது. விடியற்காலையில் விக்கிய அந்த வியாபாரியின் வண்டிக்கு வேண்டியிருந்ததோ, ஒரு கத்தியும் அரை அங்குல வயரும்.