கணிப்பொறியின் சுமைக் கணக்கும் சீராய்வாளர் கடமையும்

ஓலைச்சுவடியைப் படியெடுத்தவர் ஓரெழுத்தைப் பிழையாக எழுதிவிட்டால், அந்தப் படியைப் பார்த்து எழுதிய அடுத்தவர் அப்பிழையையே மூலமாகக் கொண்டார். அவருக்குப்பின் வந்தவர் அப்பிழைக்குப் பொருந்துமாறு பக்கத்துச் சொல்லையும் மாற்றினார். பல தலைமுறை கடந்தபின் அந்தப் பிழை பாடபேதம் என்னும் பெயரோடு நம் முன் நிற்கிறது. தமிழ் பயில்வோராகிய நமக்கு இது பழகிய செய்தியே. இதனையொத்த நிகழ்ச்சியொன்று உலகெங்குமுள்ள எண்ணற்ற கணிப்பொறிகளுக்குள், ஐந்து வினாடிக்கு ஒருமுறை, ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் நடந்துகொண்டிருந்தது என்பதைப் பலர் அறியார். அதனை விளக்கி, பிறர் எழுதிய நிரலைச் சீராய்வு செய்வோர்க்கு அது தரும் பாடத்தை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உட்கருவும் சுமைக் கணக்கும்

கணிப்பொறியில் நாம் காணும் நிரல்கள் யாவற்றுக்கும் அடியில் கெர்னல் என்னும் உட்கரு இயங்குகின்றது. எந்தப் பணிக்குப் பிராசசரை எவ்வளவு நேரம் தருவது, நினைவகத்தை எவ்வாறு பங்கிடுவது என்பனவற்றை அதுவே முடிவு செய்கிறது. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் இவ்வகையைச் சார்ந்தது. அதன் நிரல்வரிகளை எவரும் படிக்கலாம். குறை கண்டால் திருத்தம் எழுதி அனுப்பலாம்.

கணிப்பொறி மந்தமாகிவிட்டால் அதனைப் பேணுவோர் முதலில் பார்ப்பது மூன்று எண்களைத்தான். கடந்த 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம் ஆகிய காலங்களுக்குரிய சராசரிச் சுமையை அவை காட்டுகின்றன. இவ்வழக்கம் லினக்ஸுக்கு முற்பட்டது. டெனெக்ஸ் என்னும் இயக்கமுறையின் சராசரிச் சுமை பற்றிய அறிக்கையொன்று 1973ஆம் ஆண்டிலேயே வெளிவந்துள்ளது.

சுமை என்பது, ஓடிக்கொண்டிருக்கும் பணிகளும் பிராசசருக்காக வரிசையில் காத்திருக்கும் பணிகளும் சேர்ந்த எண்ணிக்கை. நான்கு பிராசசர்கள் உள்ள பொறியில் சுமை 4 என்றால் இருக்கை நிரம்பிய பேருந்து எனலாம். 8 என்றால், அமர்ந்திருப்போர் அளவுக்கு நின்றிருப்போரும் உளர். லினக்ஸில் 1993ஆம் ஆண்டு முதல், வட்டு முதலியவற்றுக்காக இடையில் எழுப்ப முடியாதவாறு காத்திருக்கும் பணிகளும் இக்கணக்கில் சேர்ந்தன. ஆதலின், பிராசசர் ஓய்ந்திருக்கும்போதும் சுமை உயர்ந்து தோன்றக்கூடும். எண்ணைப் படிப்பவர் அது எதனை எண்ணுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பழையதைச் சிறிது மறக்கும் கணக்கு

பதினைந்து நிமிடச் சராசரி என்றால், ஒவ்வொரு கணத்தின் எண்ணிக்கையையும் சேர்த்துவைத்து வகுப்பதாகக் கொள்ள வேண்டா. அதற்கு இடமும் நேரமும் மிகுதியாகச் செலவாகும். கெர்னல் வேறொரு வழியைக் கையாள்கிறது. ஏறத்தாழ ஐந்து வினாடிக்கு ஒருமுறை, பழைய சராசரியில் பெரும்பங்கையும் இப்போதைய எண்ணிக்கையில் சிறுபங்கையும் சேர்த்துப் புதிய சராசரியைக் காண்கிறது. அடுத்த முறை அப்புதியதே பழையதாகிறது. இங்ஙனம் பழைய நிகழ்ச்சிகளின் செல்வாக்கு சிறிது சிறிதாகத் தேய்கிறது.

கெர்னலுக்குள் பின்னக் கணக்குப் போடும் சிறப்புறுப்பைப் பயன்படுத்துவது செலவு மிக்கது. எனவே, முழு எண்களாலேயே இதனைச் செய்கின்றனர். நம் முன்னோர் ரூபாயைப் பதினாறு அணாவாகக் கொண்டு கணக்கிட்டதுபோல, இங்கே ஒன்று என்பதை 2048 கூறாகக் கொள்கின்றனர். பதினைந்து நிமிடக் கணக்கில் பழையதன் பங்கு 2037 கூறு. புதியதன் பங்கு 11 கூறு. ஐந்து நிமிடக் கணக்கில் பழையதற்கு 2014. ஒரு நிமிடக் கணக்கில் 1884. பெருக்கிக் கூட்டி, இறுதியில் 2048ஆல் வகுத்தால் விடை கிடைக்கும். வகுக்கும்போது மீதி வருமன்றோ? அந்த மீதியை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல் பிறந்தது.

இல்லாத சுமை

2010ஆம் ஆண்டின் இறுதியில், உறங்கும் பிராசசர்களின் கணக்கு விடுபடாமலிருக்க வேண்டும் என்னும் நல்ல நோக்கத்தோடு இப்பகுதி திருத்தப்பெற்றது. அப்போது, வகுக்குமுன் 1024ஐக் கூட்டும் வரியொன்றும் புகுந்தது. பாதிக்கு மேற்பட்ட மீதியை ஒன்றாக்கு, குறைந்ததை விட்டுவிடு என்று நாம் பள்ளியில் கற்ற முறையே அது. பார்த்தவுடன் பிழையென்று எவருக்கும் தோன்றாது.

ஆயினும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போம். பொறியில் எந்தப் பணியும் இல்லை. பழைய சராசரி 93 கூறு என்று கொள்வோம். 93ஐ 2037ஆல் பெருக்க 189441. அதனோடு 1024ஐக் கூட்ட 190465. இதனை 2048ஆல் வகுத்தால் ஈவு 93, மீதி 1. மீண்டும் 93! அடுத்த ஐந்து வினாடியிலும் 93. பொறி ஓராண்டுக் காலம் வேலையின்றிக் கிடந்தாலும் 93க்குக் கீழே அது இறங்காது. 2048இல் 93 என்பது ஏறத்தாழ 0.045, திரையில் 0.05 என்று தோன்றும். இவ்வாறே ஐந்து நிமிடக் கணக்கு 30 கூற்றில் நின்று 0.01 எனக் காட்டும். ஒரு நிமிடக் கணக்கு 6 கூற்றில் நின்றாலும் திரையில் 0.00 என்றே தெரியும். ஆகவே, ஓய்ந்திருந்த பொறிகள் 0.00, 0.01, 0.05 என்னும் விசித்திர வரிசையைக் காட்டிவந்தன.

ஒரேயொருமுறை செய்யும் கணக்கில் பாதியை முழுமையாக்குவது தவறன்று. ஒரு கணக்கின் விடையே அடுத்த கணக்கின் முதலாக அமையும்போது, கூட்டிய துளி மீண்டும் மீண்டும் உள்ளே வருகிறது. கணக்கர் ஒருவர் நாள்தோறும் மீதிச் சில்லறையை முழுமையாக்கி மறுநாள் ஏட்டில் எழுதிவந்தால், கல்லாவில் இல்லாத காசு ஏட்டில் இருக்குமன்றோ? ஓலைச்சுவடியின் பிழையும் இத்தகையதே.

0.05 என்பது அற்ப அளவுதானே என்று சிலர் வினவலாம். பொறியைப் பேணுவோர் நிலையிலிருந்து எண்ணுதல் வேண்டும். எல்லாப் பணிகளையும் நிறுத்திய பின்னும் சுமை பூச்சியத்துக்கு வாராவிடில், மறைந்து ஓடும் நிரல் ஏதேனும் உண்டோ என்று தேடுதலே இயல்பு. இல்லாத திருடனைத் தேடி இரவெல்லாம் விழித்திருப்பதுபோல அவர் உழைப்பு வீணாகும். பிழை களைவதற்கென வைத்த விளக்கே நிழலை உண்டாக்கினால் வேறு எதனைக் கொண்டு தேடுவது?

திருத்துவதும் எளிதன்று

2016ஆம் ஆண்டு இப்பிழை திருத்தப்பெற்று, 4.7 என்னும் பதிப்பில் இடம்பெற்றது. 1024ஐக் கூட்டும் வரியை நீக்கிவிட்டால் போதாதோ என அவசரக்காரர் கூறலாம். அதனையும் கணக்கிட்டே பார்த்தல் வேண்டும். ஒரே ஒரு பணி இடைவிடாது ஓடுகிறது என்று கொள்வோம். சராசரி மெல்ல உயர்ந்து 2048ஐ அடைய வேண்டும். மீதியை எப்போதும் தள்ளிவிட்டால், 1862 கூற்றை அடைந்ததும் உயர்வு நின்றுவிடும். எஞ்சிய 186 கூற்றை 11ஆல் பெருக்கினால் 2046. ஒரு கூறு ஏறுவதற்கு 2048 வேண்டும். எனவே 1.00 என்று காட்ட வேண்டிய இடத்தில் 0.91 என்றே பொறி காட்டிக்கொண்டிருக்கும். ஒரு பிழையை நீக்கி மற்றொன்றை நட்டதாக முடியும்.

ஏற்கப்பெற்ற திருத்தம் இரு திசையையும் கருதியது. இப்போதைய சுமை பழைய சராசரிக்குக் குறையாதிருந்தால் மீதியை மேலே கூட்டுக. குறைந்திருந்தால் மீதியை விட்டுவிடுக என்பதே அதன் சாரம். ஏறுங்கால் முழுமையாக ஏறுகிறது. இறங்குங்கால் முழுமையாக இறங்குகிறது. சில வரிகளே கொண்ட மாற்றம். அதற்குப் பின்னால் நின்ற சிந்தனை சிறிதன்று.

அளக்கும் கருவியே சுமையாகலாமா?

புள்ளிவிவரம் சேர்க்கும் நிரலைச் சீராய்வோர் கேட்க வேண்டிய மற்றொரு வினாவும் உண்டு. அளப்பதற்கு ஆகும் செலவு என்ன? ஒரு பணியை நிறுத்தி மற்றொன்றைத் தொடங்கும் செயல் கெர்னலில் வினாடிக்குப் பல்லாயிரம் முறை நிகழக்கூடும். அங்கே ஒரு சிறு எண்ணிக்கையைக் கூட்டுவதும் மொத்தத்தில் பெருஞ்செலவாகும்.

லினக்ஸில் ஷெட்ஸ்டாட் என்னும் விரிவான பதிவுமுறை உள்ளது. பணிகள் ஓடிய நேரம், வரிசையில் காத்திருந்த நேரம் முதலியவற்றை அது பிராசசர்தோறும் குறித்துவைக்கிறது. பிழை தேடுவோர்க்கு அது பெருந்துணை. ஆயினும் தேடாதவரும் அச்செலவைச் சுமக்க வேண்டியிருந்தது. எனவே, 2016ஆம் ஆண்டு வெளிவந்த 4.6 பதிப்பில், வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடும் மதகாக அதனை மாற்றினர். மூடியிருக்கையில், பதிவு செய்யும் வரிகள் இருக்கும் இடத்தில் ஒன்றும் செய்யாத கட்டளை நிற்கும். திறந்தால் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலே அவ்விடத்தைத் திருத்திக்கொள்ளும்.

சராசரிச் சுமைக் கணக்கிலும் இதே சிக்கனம் காணப்படுகிறது. எல்லாப் பிராசசர்களும் ஒரே பொதுவேட்டில் நொடிதோறும் எழுத முயன்றால், ஒன்றுக்காக மற்றொன்று காத்து நிற்க நேரும். ஆதலின், ஒவ்வொன்றும் தன் கணக்கில் ஏற்பட்ட மாற்றத்தைத் தன்னிடமே வைத்திருந்து, ஐந்து வினாடிக்கு ஒருமுறை பொதுவேட்டில் சேர்க்கிறது.

சீராய்வாளர் பொறுப்பு

லினக்ஸ் கெர்னலில் ஒருவர் எழுதிய மாற்றம் நேரே உட்புகுவதில்லை. பிறர் அதனை வரிவரியாகப் படிக்கின்றனர். படித்து நிறைவு கொண்டவர், சீராய்வு செய்தவர் இன்னார் என்று தம் பெயரைப் பொறிக்க இசைகிறார். இது சடங்கன்று. நுட்ப நோக்கில் ஆராய்ந்தேன், என் ஐயங்களுக்குத் தக்க விடை கிடைத்தது, இம்மாற்றம் பயனுடையது என்று நம்புகிறேன் என்பன அந்த ஒப்பத்தின் பொருள்.

பழைய பிழையைத் திருத்துவோர், எந்த மாற்றத்தால் அது நுழைந்தது என்பதையும் ஒரு வரியில் குறிக்கின்றனர். நாம் கண்ட திருத்தத்திலும் 2010ஆம் ஆண்டு மாற்றம் அவ்வாறே சுட்டப்பெற்றுள்ளது. எழுதியவரை இகழ்வதற்காக அன்று. பழைய பதிப்புகளைப் பேணுவோர் தத்தம் படியிலும் அப்பிழை உண்டா என்று பார்த்துக்கொள்வதற்காகவே.

2010இல் எழுதியவரும் திறமையற்றவரல்லர், படித்தவர்களும் அவ்வாறே. வரி பழக்கமானதாகத் தோன்றியதால் கண் அதனைக் கடந்து சென்றது. சீராய்வுக்குப் பெரும்பகை அறியாமை என்று நாம் எண்ணுகிறோம். பழக்கமும் அதற்கு நிகரான பகையே. சுமை பூச்சியமானால் என்ன விடை வரும், நிறைந்தால் என்ன விடை வரும் என்று இரு எல்லைகளிலும் கையால் கணக்கிட்டுப் பார்த்திருந்தால், ஒரு தாளும் எழுதுகோலும் போதுமானவையாக இருந்திருக்கும்.

அன்பு மாணவர்களே! ஏட்டைப் பதிப்பிப்பவரும் நிரலைச் சீராய்பவரும் ஒரே தொழிலின் இரு கிளையினர். பிறர் எழுத்தை மதித்துப் படித்தல், ஐயுற்ற இடத்தில் நின்று வினவுதல், திருத்தினால் காரணத்தை எழுதிவைத்தல் ஆகிய மூன்றும் இருவர்க்கும் பொது. கணிப்பொறித் துறைக்குச் செல்வோர், தமிழ் வகுப்பில் பெற்ற இப்பயிற்சியைக் கைவிடாது உடன்கொண்டு செல்வாராக. உங்கள் ஒப்பத்தை நம்பி எங்கோ ஒருவர் நள்ளிரவில் ஓர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த எண் பொய் சொல்லாதிருத்தல் உங்கள் கையில் உள்ளது.