பயத்தில் பால் வற்றுமா?

“பயத்துல பால் வத்திப் பெயித்து மிஸ்.”

கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையான கரையோர ஊர்களில் கைக்குழந்தையுள்ள தாய்மாரைச் சந்திப்பது எனது தொழில். இந்த வசனத்தைக் கேட்காமல் எனக்கு ஒரு மாதமும் கழிந்ததில்லை. சொல்பவர் அநேகமாகத் தாய் அல்ல. பக்கத்தில் நிற்கும் மாமி, சாச்சி, சில வேளை கணவர். சொன்ன கையோடு மாப்பெட்டி வாங்கக் கடைக்கு ஆள் புறப்பட்டுவிடும். தாய் தலையைக் குனிந்துகொண்டு இருப்பார்.

பயத்துக்கு எமது பகுதியில் என்றைக்கும் குறைவிருந்ததில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் வீரமுனைப் பிள்ளையார் கோவிலிலும் நடந்த கொலைகளுக்குப் பின்னர், முஸ்லிம் தாய்மாரும் தமிழ்த் தாய்மாரும் பச்சைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊர்விட்டு ஊர் ஓடினார்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. நாட்டிலேயே கூடுதலான உயிர்களை, 10,000க்கும் மேல், இழந்தது அம்பாறை மாவட்டம்தான். இங்குள்ள முகாம்களில் தங்கியிருந்த குடும்பங்களிடம் எடுக்கப்பட்ட ஓர் ஆய்வு 2006 இல் வெளியானது. அந்தக் குடும்பங்களில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 31.8 சதவீதத்தினர் இறந்திருந்தார்கள். மூன்றில் ஒன்று என்று சொல்லலாம். பெண்களின் இழப்பும் ஆண்களைப்போல் இரண்டு மடங்கு. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியவர்களுக்கு மரத்தைப் பிடிக்க ஒரு கைதான் இருந்தது.

அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. பாடசாலை மண்டபங்களில் சேலையைக் கட்டி மறைத்து, ஒரு வகுப்பறையில் நாலைந்து குடும்பங்கள் இருந்தன. மறைவில்லை, தூக்கமில்லை. கரையோரக் கிணறுகள் எல்லாவற்றிலும் உப்புநீரும் சேறும். அந்த வேளையில் கருணையுள்ளவர்கள் அனுப்பிய பொருட்களோடு பால்மாவும் வந்து சேர்ந்தது. கெட்ட எண்ணத்தில் எவரும் அனுப்பவில்லை. ஆனால் மாவைக் கரைக்க நல்ல தண்ணீர் வேண்டும், தண்ணீரைக் கொதிக்கவைக்க விறகு வேண்டும், போத்தலைக் கழுவச் சவர்க்காரம் வேண்டும். பெட்டிக்குள் அவை இருப்பதில்லை.

இதே சுனாமி அடித்த புதுச்சேரிக் கிராமங்களில் மருத்துவர்கள் இதைக் கணக்கெடுத்தார்கள். இலவசப் பால்மா குடித்த பிள்ளைகளுக்கு, குடிக்காதவர்களைவிட மூன்று மடங்கு அதிகமாக வயிற்றோட்டம் ஏற்பட்டிருந்தது. 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் பூமி அதிர்ந்த பிறகும் இதேதான் நடந்தது. நன்கொடையாக வந்த குழந்தைப் பால்மாவைப் பெற்ற இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 25.4 சதவீதத்தினருக்கு வயிற்றோட்டம், பெறாதவர்களில் 11.5 சதவீதத்தினருக்கு. வீடு இடிந்து தப்பிய பிள்ளையைப் போத்தல் படுக்க வைத்தது.

சரி, பால் உண்மையில் வற்றுகிறதா?

தாயின் உடம்பில் பாலுக்கு இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, பால் உண்டாவது. பிள்ளை சூப்பும்போதெல்லாம் தாயின் மூளையின் அடியிலுள்ள சுரப்பி புரோலக்ரின் என்ற ஓமோனை விடுகிறது. அது அடுத்த வேளைக்கான பாலை உண்டாக்குகிறது. இரவில் இது இன்னும் கூடுதலாகச் சுரக்கும். மற்றது, உண்டான பால் இறங்குவது. இதைச் செய்வது ஒக்சிரோசின் என்ற இன்னொரு ஓமோன். பயம், அதிர்ச்சி, வலி, கூச்சம் எல்லாம் தடுப்பது இந்த இரண்டாவதைத்தான், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. பால் உள்ளே இருக்கிறது, இறங்கத் தாமதிக்கிறது. பசித்த பிள்ளை இழுத்துப் பார்த்துவிட்டு வீரிட்டு அழுகிறது. வீட்டிலுள்ளவர்கள் “வத்திட்டு” என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். போத்தல் வருகிறது. வயிறு நிறைந்த பிள்ளை தாயிடம் சூப்புவதில்லை. சூப்பாத மார்பில் முதலாவது வேலையும் நாளுக்கு நாள் குறைகிறது. ஒரு கிழமையில் சொன்ன சொல் உண்மையாகிவிடும். அதைச் செய்தது பயம் அல்ல, போத்தல்.

2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் குண்டுகள் வெடித்துச் சிறுபிள்ளைகள் உட்பட 15 பேர் இறந்தார்கள். சுற்றுவட்டாரக் குடும்பங்கள் உடுத்த உடுப்போடு வெளியேறின. அப்படி வந்த ஒரு தாயைச் சில நாட்கள் கழித்து உறவினர் வீடொன்றில் கண்டேன். மகனுக்கு ஐம்பது நாள்கூட ஆகவில்லை. சிறிய வீட்டில் பதினொரு பேர். ஆண்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். தொலைக்காட்சியில் அதே செய்தி திரும்பத் திரும்ப ஓடியது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி, முந்தானைக்குள் பிள்ளையை மறைத்துக்கொண்டு பால்கொடுக்க முயன்றார். பக்கத்தில் சூப்பிப் போத்தல் தயாராக நின்றது.

நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னேன். குசினிக்குப் பின்னாலிருந்த சின்ன அறையை அவருக்கும் அவரது உம்மாவுக்குமாக ஒதுக்கித் தந்தார்கள். பிள்ளையின் சட்டையைக் கழற்றி, தாயின் நெஞ்சில் தோலோடு தோல் படும்படி கிடத்தினோம். உம்மா பின்னாலிருந்து மகளின் முதுகைத் தடவிக்கொடுத்தார். ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தேநீர். அரை மணித்தியாலம் போயிருக்கும், “இறங்குது உம்மா” என்றார் மகள். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவிலும், பிள்ளையைப் போடச் சொல்லி மிட்வைஃப் மிஸ் நாளுக்கு நாள் வந்து பார்த்தார். போத்தலை முழுதாக விட ஒன்பது நாள் எடுத்தது.

போதுமான பால் கிடைக்கிறதா என்பதை அழுகையை வைத்து அளக்க வேண்டாம். பச்சைப்பிள்ளை வேறு எத்தனையோ காரணங்களுக்கு அழும். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சலம் போகிறதா, கிளினிக் பதிவேட்டில் நிறைக்கோடு மேலே போகிறதா என்று பாருங்கள். கோடு படுத்துவிட்டால், அல்லது பிள்ளை சோர்ந்து சூப்ப மறுத்தால், பத்தியக் கறி காய்ச்சிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். (பால்சுறாவிலும் முருங்கைக்கீரையிலும் எனக்குக் கோபமில்லை. ஆக்கித் தருபவர் பக்கத்தில் இருக்கிறார் என்பதே பாதி மருந்து.)

ஒலுவிலில் சமூகவியல் படித்த காலத்தில், கிழக்கின் தாய்வழிக் குடிமுறை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுப்பது, முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் உள்ள வழக்கம். பரீட்சைக்கு அது ஒரு கேள்வி. வேலைக்கு வந்த பிறகுதான் அதன் பயன் விளங்கியது. மகள் பிள்ளை பெறும்போது அவளது உம்மா அதே வளவில் இருக்கிறார். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையை வாங்கித் தோளில் போட அங்கே ஒரு கை உண்டு. சுனாமிக்குப் பின்னர் கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் கட்ட முடியாது என்று முதலில் அறிவித்தார்கள். வளவுகள் கலைந்தன. கல்முனை கிரீன்ஃபீல்ட் மாடிவீடுகள் போன்ற திட்டங்களில் வீடு கிடைத்தது நல்லதுதான். ஆனால் மகளுக்கு ஒரு மாடியும் உம்மாவுக்கு வேறு ஊருமாகப் போன குடும்பங்கள் உண்டு. வீடு பிரித்தவர்கள் மகளையும் உம்மாவையும் பக்கத்தில் வைக்க யோசித்திருக்கலாம், யோசித்ததாகத் தெரியவில்லை. உம்மா மௌத்தாகிவிட்ட பெண்களும், கணவரை யுத்தத்தில் இழந்து தனியே இருப்பவர்களும் எம்மிடையே பலர். அவர்களுக்கு அந்தக் கை அயல்வீட்டிலிருந்துதான் வரவேண்டும்.

தாயே இல்லாமல் போன பிள்ளைக்கு என்ன செய்வது? எமது சமூகத்துக்கு ஒரு பழைய வழி தெரியும். நபிகளாரையே ஹலீமா என்ற பால்தாய் வளர்த்தார். பால்குடி உறவினால் திருமணம் தடுக்கப்படும் என்ற பயத்தில் பலர் இதற்குத் தயங்குகிறார்கள். எத்தனை தடவை ஊட்டினால் உறவு உண்டாகும் என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். யார் யாருக்கு ஊட்டினார், எந்தத் திகதியில் என்று எழுதி இரு வீட்டிலும் வைத்துக்கொண்டால் நாளைக்குக் குழப்பமில்லை. முன்வருபவர் நோயில்லாதவரா என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்வதும் நல்லது. அதுவும் முடியாதபோது குழந்தைப் பால்மா தேவைதான். அப்போது அது மருந்து மாதிரி. மிட்வைஃப் மிஸ் சொல்லும் அளவில், கொதித்த தண்ணீரில், கழுவ இலகுவான சிறிய கோப்பையால் ஊட்ட வேண்டும். வீட்டுத் தேநீருக்கு வாங்கும் பால்மா கைக்குழந்தைக்கு ஆகாது. 2022 மார்ச்சில் அந்த 400 கிராம் பைக்கற் 790 ரூபாய்க்குப் போய், காசிருந்தும் கிடைக்காத நாட்களில், மாவை நீர்க்கக் கரைத்துக் கொடுத்த வீடுகளைக் கண்டேன். அதைக் குடித்த பிள்ளைகளின் நிறைக்கோடு சொன்னது.

இந்த நாட்டில் நாம் இந்த விடயத்தில் பின்தங்கியவர்கள் அல்லர். 2016 ஆம் ஆண்டு அளவீட்டின்படி ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 சதவீதத்தினருக்குத் தாய்ப்பால் மட்டுமே. பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் கோவை 1983 லேயே வந்துவிட்டது. இடறுவது இடம்பெயரும் நாட்களிலும், தாய் வேலைக்குத் திரும்பும் நாட்களிலும்தான். மருதமுனையில் தறி நெய்யும் பெண்ணுக்குச் சம்பளத்தோடு பிரசவ லீவு தர எவருமில்லை. அவர் காலையில் பாலைச் சுத்தமான மூடியுள்ள கோப்பையில் கறந்து வைத்துவிட்டுப் போகலாம். எமது வெயிலுக்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கவேண்டாம்.

இன்னொன்று, நடக்கத் தொடங்கிய பிள்ளைகள் பற்றி. சாய்ந்தமருதுச் சம்பவத்துக்குப் பிறகு, பாலை மறந்து இரண்டு மாதமாகியிருந்த இருபது மாதப் பையன் ஒருவன் திரும்பவும் உம்மாவின் மடியைத் தேடி வந்தான். கதவு அடிபட்டாலும் ஓடிவந்து ஒட்டிக்கொள்வான். “பெரிய புள்ளைக்குப் பாலா?” என்று அயலில் சிரித்தார்கள். வேப்பெண்ணெய் தடவச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். உம்மாவுக்கு வெட்கம், என்னிடம் மெதுவாகக் கேட்டார். குர்ஆன் சொன்ன இரண்டு வருடம் இன்னும் முடியவில்லையே, கொடுங்கள் என்றேன். பால் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவன் கேட்பது மடியைத்தான். பகலில் சோறும் பூசணிக்காயும் கீரியும் பிசைந்து கொடுத்து, இரவில் மட்டும் விட்டார். நோன்புப் பெருநாள் வந்து போனது. அதற்குப் பிறகு ஒரு நாள் வாப்பாவோடு படுக்கப் போனவன், பாலைக் கேட்கவில்லை.