கடைக்காரரிடம் காட்டும் கனிவு, வீட்டில் ஏன் காணாமல்போகிறது?

போன மழைக்காலத்தில் ஒரு நாள், அம்மாவின் இடது முழங்கை கன்றிப்போய் நீலமாக இருந்ததைப் பார்த்தேன். என்னவென்று கேட்டதும் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார். துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மூன்று நாள்களுக்கு முன்பு பாத்ரூமில் தலைசுற்றி விழுந்திருக்கிறார்.

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ கத்துவே. 'பார்த்து நடக்கத் தெரியாதா'ன்னு கேட்பே. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

அம்மா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. 'மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துக்கோ' என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. ஏனென்றால், அவர் சொன்னது உண்மை. நான் அப்படித்தான் கேட்டிருப்பேன். பயத்திலும் அக்கறையிலும்தான் கேட்டிருப்பேன். ஆனால், அம்மாவின் காதில் விழுவது அக்கறை இல்லையே, அதட்டல்தானே!

மறுநாளே டாக்டரிடம் அழைத்துப்போனோம். ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையின் அளவு அம்மாவுக்கு அதிகமாகியிருந்தது. குறைத்துக் கொடுத்தார், தலைசுற்றல் நின்றது. இடையில் வீணான மூன்று நாள்களுக்குக் காரணம், என் நாக்கு.

எங்கே போய்விடுவார்கள் என்ற தைரியம்

ஆட்டோக்காரரிடம், 'அண்ணா, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க' என்கிறோம். அலுவலகத்தில் ஒருவர் தப்பு செய்தால், 'பரவாயில்லை சார், பார்த்துக்கலாம்' என்கிறோம். அதே நாள் மாலை, கணவர் கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டு வந்தால், 'ஒரு வேலையாவது உருப்படியா செய்யத் தெரியுமா?' என்று வந்துவிடுகிறது. கணவர்களும் இதற்குச் சளைத்தவர்கள் அல்ல. சாம்பாரில் உப்பு கொஞ்சம் கூடினால், பேச்சு மாமியார் வீடு வரைக்கும் போய்விடும்.

வெளியாள் கோபித்துக்கொண்டு போய்விடலாம் என்ற பயம் நமக்கு இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள் என்ற தைரியமும் இருக்கிறது.

உண்மைதான், அவர்கள் எங்கேயும் போவதில்லை. ஆனால், நம்மிடம் சொல்வதை நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளை, மதிப்பெண் குறைந்த பரீட்சைத் தாளைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. கணவர், வாங்கிய கடனை மறைக்கிறார். மனைவி, மனதில் இருப்பதைத் தோழியிடம் மட்டும் சொல்கிறார். அம்மா, விழுந்ததைச் சேலைத் தலைப்பால் மூடுகிறார். கடுஞ்சொல்லுக்கு நாம் கொடுக்கும் விலை இதுதான். ஒரே வீட்டில் இருந்தும், நமக்குத் தெரியவேண்டியது கடைசியாகத்தான் தெரியவருகிறது.

முதல் மூன்று நிமிடம்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், உளவியலாளர் ஜான் காட்மன் பல ஆண்டுகள் தம்பதிகளின் பேச்சை வீடியோவில் பதிவுசெய்து ஆராய்ந்தார். 1999-ல் அவரும் சக ஆய்வாளரும் வெளியிட்ட ஓர் ஆய்வில் 124 புதுமணத் தம்பதிகள் கலந்துகொண்டார்கள். தங்களுக்குள் சச்சரவை உண்டாக்கும் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசும்படி அவர்களிடம் சொல்லப்பட்டது. அந்தப் பேச்சின் முதல் மூன்று நிமிடங்களை வைத்தே, அடுத்த ஆறு ஆண்டுகளில் எந்தத் தம்பதி பிரியக்கூடும் என்பதைக் கணிக்க முடிந்தது. சண்டை வருகிறதா, இல்லையா என்பதைவிட, அது எப்படித் தொடங்குகிறது என்பதுதான் முக்கியம்.

அவர் சொல்லும் இன்னொரு விஷயமும் உண்டு. உறவை அதிகம் அரிப்பது கோபம் அல்ல, ஏளனம். முகத்தைச் சுளிப்பது, குத்திக்காட்டுவது, 'உனக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகுது' என்பது எல்லாமே இந்த வகைதான்.

நம் வள்ளுவர், 'சொல்வன்மை' என்ற அதிகாரத்தைப் பொருட்பாலில், அமைச்சர்களுக்கான பகுதியில் வைத்தார். ஆனால், 'இனியவை கூறல்' என்ற 10-வது அதிகாரத்தை இல்லறவியலில், விருந்தோம்பலுக்கு அடுத்ததாக வைத்திருக்கிறார். விருந்தாளிக்கு இலை போடும் அதே வீட்டில்தான், இனிய சொல்லும் முதலில் புழங்க வேண்டும்.

நான் மாற்றிக்கொண்டவை

* யாருக்கு என்ன நடந்தாலும், முதல் கேள்வி அந்த மனிதரைப் பற்றியதாக இருக்கட்டும். 'அடிபட்டுச்சா?' என்பது முதலில். 'எப்படி விழுந்தே?' என்பது பிறகு.

* 'நீ எப்பவுமே இப்படித்தான்', 'ஒருநாளாவது செஞ்சிருக்கியா' என்ற பேச்சு வேண்டாம். இன்று நடந்ததை மட்டும் பேசலாம். 'கரன்ட் பில் இன்னும் கட்டலையே, நாளைக்குக் கட்டிடலாமா?' என்றால் வேலை நடக்கும்.

* களைப்பாக இருந்தால், அதையே சொல்லிவிடலாம். 'இப்பதான் வந்தேன், பத்து நிமிஷம் கழிச்சு பேசலாமா?' என்று கேட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

* வாட்ஸ்அப்பில் குரல் கிடையாது. நாம் சாதாரணமாக அனுப்பும் 'ஏன்?' அங்கே அதட்டலாகத் தெரியும். மனதைத் தொடும் விஷயம் என்றால் போனில் பேசிவிடுவது நல்லது.

* வார்த்தை தவறிவிட்டதா? அன்றைக்கே மன்னிப்பு கேட்டுவிடலாம். 'ஸாரி, ஆனா நீயும்...' என்று இழுத்தால், அது மன்னிப்பு அல்ல. சண்டையின் இரண்டாம் பாகம்.

இனிமையாகப் பேசுவது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று அர்த்தம் இல்லை. சர்க்கரை நோய் இருக்கும் அப்பாவிடம் ஜாங்கிரி வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும். அதை நாலு பேர் முன்னால் தட்டைப் பிடுங்கித்தான் சொல்லவேண்டுமா என்பதே கேள்வி. அதேபோல, அடித்தும் அவமானப்படுத்தியும் நடத்துபவரிடம் பொறுத்துப்போகச் சொல்லும் அறிவுரையும் அல்ல இது. அங்கே தேவைப்படுவது உதவி.

போன வாரம், காலை நேரப் பரபரப்பில் அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார். "பி.பி மாத்திரையை ரெண்டு தடவை போட்டுட்டேனோன்னு சந்தேகமா இருக்குடி" என்றார், தயங்கித் தயங்கி.

'எத்தனை தடவை சொல்றது?' என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"நல்லவேளை சொன்னேம்மா. அட்டையை எடுத்துட்டு வா, எண்ணிப் பார்த்துடலாம்."

இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணினோம். ஒன்றுதான் போட்டிருந்தார். அன்றைக்கு ஆபீஸுக்குப் பத்து நிமிடம் தாமதம். ஆனால், அம்மா மறுபடியும் என்னிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.